சி.பி.யு.வைத் தொட்டால் சுர்ரென்கிறதா? கம்ப்யூட்டர் லேப்பில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது

கணவாய்க்கு இந்தப் பக்கம் செங்கோட்டை, புளியரை. அந்தப் பக்கம், கேரளத்தில், ஆரியங்காவு, தென்மலை. இந்தத் தடத்தில் உள்ள பள்ளிகளின் கம்ப்யூட்டர் லேப்களில் பழுது பார்ப்பதுதான் 14 வருடமாக எனக்குப் பிழைப்பு. ‘மெஷின் ஆன் ஆகவில்லை’ என்றுதான் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால், மெஷின் கிடக்கட்டும், அதன் முன்னால் உட்காரும் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று வயிற்றைக் கலக்கும். எடுத்துச் சொன்னால், “அது எப்பவும் அப்படித்தான் சார்” என்பார்கள். இந்த வாக்கியத்தை எங்கே கேட்டாலும் நான் டெஸ்டரை வெளியே எடுத்துவிடுவேன்.

உங்கள் லேப்பில் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில். ‘இங்கே நிறுத்துங்கள்’ என்று சொன்ன இடத்தில் நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஒருவரைக் கரண்ட் பிடித்துக்கொண்டால்

இதற்கு மட்டும் வரிசை எதுவும் இல்லை. ஆளைத் தொடாமல் மெயினை அணையுங்கள். மெயின் எங்கே இருக்கிறது என்று அந்த லேப்பில் பாடம் எடுக்கும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பள்ளியில் அது பூட்டிய ஸ்டோர் ரூமுக்குள் இருந்தது. சாவி வைத்திருந்தவர் அன்றைக்கு லீவு. மெயின் எட்டவில்லையென்றால் காய்ந்த மூங்கில் கம்பாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ ஆளை வயரிலிருந்து தள்ளிவிடலாம். சாரல் காலத்தில் மூலையில் சாய்த்திருக்கும் துடைப்பக் கட்டை ஈரமாக இருக்கும், அதை எடுக்காதீர்கள். நான் வேலை செய்யும் லேப்களில் கதவுக்குப் பின்னால் ஒரு காய்ந்த கம்பை மாட்டி வைத்திருக்கிறேன்.

கீழே விழுந்தவருக்கு உணர்வும் மூச்சும் இல்லையென்றால் ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும், இன்னொருவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கட்டும். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. ஆள் எழுந்து உட்கார்ந்து “ஒண்ணுமில்ல சார்” என்று சொன்னாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இ.சி.ஜி. பார்க்கச் சொல்லுங்கள். வெளியே காயம் தெரியாமல் இதயத் துடிப்பு தாறுமாறாகியிருக்கலாம்.

அறிகுறி 1: தொட்டால் சுர்ரென்கிறது

எனக்கு வரும் புகார்களில் பாதி இதுதான். முதலில் இது எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். தொட்ட நொடியில் ‘டக்’கென்று ஒருமுறை சுண்டிவிட்டு, மறுபடி தொட்டால் ஒன்றும் இல்லையென்றால் அது உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம். நைலான் விரிப்பும் ஏ.சி.யும் உள்ள அறையில் வரும். ஆளை ஒன்றும் செய்யாது, மெமரி கார்டைத்தான் கெடுக்கும். கையை வைத்திருக்கும்வரை எறும்பு ஊர்வதுபோல் சுரீர் சுரீரென்று இருந்தாலோ, செருப்பைக் கழற்றினால் கூடினாலோ அது எர்த் கோளாறு, அதாவது கசியும் கரண்டைத் தரைக்கு இறக்கிவிடும் வயரில் கோளாறு. கீழே உள்ளதெல்லாம் அதற்குத்தான்.

சந்தேகத்துக்காக உள்ளங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம். கரண்ட் பிடித்தால் விரல்கள் மூடிக்கொள்ளும், விட முடியாது.

ஒரே ஒரு சி.பி.யு.வில் மட்டும் என்றால்

பவர் கார்டைப் பாருங்கள். மூன்று முள்ளில் மேலே தடிமனாக இருப்பதுதான் எர்த். அது முறிந்திருக்கும், அல்லது சாக்கெட்டில் நுழையவில்லை என்று யாராவது அறுத்து எடுத்திருப்பார்கள். கார்டு நன்றாக இருந்தால், நடுவில் இரண்டு முள் அடாப்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துக் குப்பையில் போடுங்கள், பிள்ளைகள் மறுபடி எடுத்து மாட்டாத குப்பையாகப் பார்த்து. பிறகு வேறு மெஷினின் நல்ல கார்டை இதில் மாட்டிப் பாருங்கள். கார்டு மாற்றினால் போய்விடுகிறது என்றால் புதுக் கார்டு வாங்குவதோடு செலவு முடிந்தது.

நல்ல கார்டிலும், வேறு மெஷினில் தொந்தரவு தராத சாக்கெட்டிலும் மாட்டி, அப்படியும் சுர்ரென்றால் எஸ்.எம்.பி.எஸ். (சி.பி.யு.வுக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) சந்தேகம். அதைக் கழற்றி மாற்றலாம், ஆனால் அதன் மூடியைத் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்கும்.

ஒரு வரிசை முழுவதும் என்றால்

அந்த வரிசைக்குப் போகும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் முதல் குற்றவாளி. மூன்று ஓட்டை இருக்கும், ஆனால் உள்ளே வருவது இரண்டு கோர் வயராக, அதாவது எர்த் கம்பி இல்லாத வயராக இருக்கும். கடையில் விலை குறைவு என்று வாங்கியது. வெள்ளை உறையை உருட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும்: இரண்டு கோர் பெரும்பாலும் தட்டையாக இருக்கும். மூன்று கோர் பெரும்பாலும் உருண்டையாக இருக்கும், ப்ளக்கைத் திறந்தால் பச்சை வயர் தெரியும்.

லேப் முழுவதும் என்றால்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். இங்கே பழைய ஓட்டுக் கட்டடங்கள் நிறைய. கட்டைச் சட்டத்துக்குள் இரண்டே வயர் ஓடும், ஏனென்றால் அன்றைக்கு அந்த அறைக்குத் தேவைப்பட்டது ஒரு பல்பும் ஒரு ஃபேனும்தான். அந்த அறைக்குள் 20 கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்து, சுவரில் மூன்று முள் சாக்கெட்டைப் பதித்துவிடுகிறார்கள். சாக்கெட்டின் எர்த் முனையில் ஒரு வயரும் இருக்காது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் அவை சி.பி.யு. பெட்டியைக் கிட்டத்தட்ட பாதி வோல்ட்டில், அதாவது 115 வோல்ட் அளவில், தொங்கவிடும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கும். ஆனால் அதே பெட்டிக்குள் ஒரு லைவ் வயர் உறை தேய்ந்து தொட்டால், அதைத் தரைக்கு இறக்கிவிட வழி இருக்காது. தொடும் பிள்ளைதான் வழி.

மல்டிமீட்டர் பழக்கம் உள்ளவர்கள் சாக்கெட்டில் பேஸ் (கரண்ட் வரும் லைவ் முனை), நியூட்ரல் (கரண்ட் திரும்பும் முனை), எர்த் மூன்றுக்கும் நடுவில் மூன்று அளவு எடுக்கலாம். மீட்டரை ஏ.சி. 600 அல்லது 750-இல் வையுங்கள்.

பேஸ்–நியூட்ரல்: 230 பக்கம் வரவேண்டும்.
பேஸ்–எர்த்: ஏறக்குறைய அதே அளவு. 60, 90, 140 என்று நிலையில்லாமல் ஆடினால் எர்த் வயர் எங்கோ தொங்குகிறது.
நியூட்ரல்–எர்த்: ஓரிரண்டு வோல்ட். பத்தைத் தாண்டினால் எர்த்தோ நியூட்ரலோ எங்கோ தளர்ந்திருக்கிறது.

மெஷின்களெல்லாம் ஓடும்போதும் இந்தக் கடைசி அளவு அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் சந்தோஷப்பட வேண்டாம். சாக்கெட்டைத் திறந்தால், நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு ஒரு குட்டி வயர் பாலம் போட்டிருப்பார்கள். ஷாக் புகாரை ஐந்து நிமிடத்தில் தீர்க்கும் குறுக்கு வழி இது. நான் பார்த்ததிலேயே மோசமான வேலையும் இதுதான். வெளியே நியூட்ரல் அறுந்த நாளில் லேப்பில் உள்ள அத்தனை பெட்டியிலும் முழு 230 வோல்ட் ஏறி நிற்கும். ஆரியங்காவு பக்கம் ஒரு பள்ளியில் இப்படிப் பாலம் போட்டிருந்தார்கள். எடுத்துவிட்டேன். எடுத்ததும் பழையபடி ஷாக் அடித்தது. “நல்லா இருந்ததைக் கெடுத்துட்டீங்களே அண்ணாச்சி” என்று அங்கிருந்த தமிழ் டீச்சர் இன்றைக்கும் சொல்வார்கள். அன்றைக்கு அந்த லேப்பைப் பூட்டச் சொன்னதற்கு எனக்குக் கூலியும் வரவில்லை.

நியான் டெஸ்டர் எரிந்தால் கரண்ட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எரியவில்லை என்பதை நம்பி எதையும் தொடாதீர்கள்.

இங்கே நிறுத்துங்கள். இதற்கு மேல் உரிமம் உள்ள வயர்மேன் வேலை. மீட்டர் சரியான அளவு காட்டினாலும் எர்த் குழி (எர்த் வயர் மண்ணில் இறங்கும் குழி) நல்லது என்று அர்த்தமில்லை. மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு, மோசமான எர்த்திலும் அது 230 காட்டும். எர்த் டெஸ்டர் கொண்டுவந்து குழியின் மின்தடையை, அதாவது ஓம் அளவை, எடுக்கச் சொல்லுங்கள். எங்கள் வயர்மேன் 5 ஓமுக்குள் இருந்தால் தலையாட்டுவார், 2-க்குள் இருந்தால் டீ கேட்பார். அவரைக் கூப்பிடுவதற்கு முன் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: சித்திரை, வைகாசியில் எர்த் குழி காய்ந்திருந்தால் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதில் ஷாக் குறைந்தால் குழியில் கரியும் உப்பும் தீர்ந்துவிட்டன என்று அவரிடம் சொல்லலாம். புதுக் குழி வெட்டி, எர்த் வயர் இழுப்பதுதான் இந்தப் பட்டியலிலேயே பெரிய செலவு. பள்ளி நிர்வாகம் முகம் சுளிக்கும். பரவாயில்லை.

அறிகுறி 2: அடிக்கடி டிரிப் ஆகிறது

எது விழுகிறது என்று பாருங்கள். சின்ன எம்.சி.பி.யா (சுமை கூடினால் விழும் சுவிட்ச்), ‘டெஸ்ட்’ பொத்தான் உள்ள ஆர்.சி.சி.பி.யா (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் விழும் சுவிட்ச்)? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

எம்.சி.பி. விழுந்தால்

கரண்ட் போய் வந்தவுடன் மட்டும் விழுகிறது என்றால் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஆன் ஆகி இழுக்கிறது. சுவிட்சுகளை அணைத்துவிட்டு வரிசை வரிசையாகப் போடுங்கள், தீர்ந்தது. பிரிண்டர் ஓடும்போது மட்டும் என்றால், லேசர் பிரிண்டரின் ஹீட்டர் சூடாகும்போது தனியாக 800, 1000 வாட் கேட்கும். அதை வேறு லைனுக்கு மாற்றுங்கள். எப்போதும் விழுகிறது என்றால் கணக்குப் போடுங்கள். 6 ஆம்ப் எம்.சி.பி. தாங்குவது சுமார் 1380 வாட். மானிட்டரோடு ஒரு கம்ப்யூட்டருக்கு 150 வாட் வைத்தால் ஒன்பதாவது மெஷினோடு இடம் முடிந்தது.

விழும் எம்.சி.பி.யை எடுத்துவிட்டு 32 ஆம்ப் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுங்கள். சுவருக்குள் இருப்பது 1.5 சதுர மி.மீ. வயர் என்றால், இனி சூடாவது அந்த வயர்தான். புது லைன் இழுப்பதுதான் சரியான வழி, அது வயர்மேன் வேலை.

ஆர்.சி.சி.பி. விழுந்தால்

ஆனி, ஆடியில் சாரல் பிடித்ததும் விழுகிறது, வெயில் அடித்தால் நிற்கிறது என்றால் ஜன்னலோரச் சாக்கெட்டையும், ஓடு ஒழுகும் இடத்துக்குக் கீழே உள்ள ஜங்ஷன் பாக்ஸையும் பாருங்கள். மெயினை அணைத்துவிட்டுத்தான். உள்ளே பச்சைக் களிம்பு, ஈரம், செத்த பல்லி, இவற்றில் ஒன்று இருக்கும்.

மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லையென்றால் எல்லா ப்ளக்கையும் பிடுங்குங்கள். ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். குறிப்பிட்ட ஒரு மெஷினில் விழுந்தால் அதுதான் கசிகிறது, ஓரம் வையுங்கள். எந்த மெஷினை முதலில் மாட்டினாலும் பதினைந்தாவது, இருபதாவது மாட்டும்போதுதான் விழுகிறது என்றால் எந்த மெஷின் மேலும் தப்பில்லை. ஒவ்வொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸும் எர்த்துக்குள் ஒரு மில்லி ஆம்பியருக்குள் கசியவிடும், அது இயல்பு. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., கசிவு 15 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே விழலாம். இருபது மெஷினின் கசிவும் சேரும்போது அது தன் வேலையைச் செய்கிறது. லேப்பை இரண்டு, மூன்று ஆர்.சி.சி.பி.யாகப் பிரிக்க வேண்டும். அதைப் பைபாஸ் செய்து நேரடியாக இணைப்பது பிள்ளைகளுக்கும் கரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரே தடையை எடுப்பது. ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்குங்கள். விழவில்லையென்றால் அது வெறும் அலங்காரம், மாற்றிவிடுங்கள்.

அறிகுறி 3: கருகல் வாடை, சூடு, புகை

புகை கண்ணுக்குத் தெரிந்தால் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். மெயினை அணையுங்கள், பிள்ளைகளை வெளியேற்றுங்கள். தீ ஒரு குப்பைக் கூடை அளவுக்குள் இருந்து, வெளியேறும் வழி உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் மட்டும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரைப் பயன்படுத்துங்கள். அதன் கறுப்புக் குழலைக் கையால் பிடிக்காதீர்கள், தோல் உறைந்துபோகும், கைப்பிடியைப் பிடியுங்கள். சின்ன அறையென்றால் அடித்தவுடன் நீங்களும் வெளியே வந்துவிடுங்கள், மூச்சுக் காற்றையும் அது தள்ளிவிடும். தண்ணீர் கூடவே கூடாது. தீ அதற்கு மேல் போனால் கதவைச் சாத்திவிட்டு 101.

சிலிண்டர் ‘ஃபுல்’தானா என்று பல பள்ளிகளில் என்னிடம் கேட்பார்கள். பவுடர் சிலிண்டருக்கு முள் காட்டும் மீட்டர் உண்டு. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குப் பெரும்பாலும் இருக்காது, எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

புகை இல்லை, வாடை மட்டும் என்றால் என்ன வாடை என்று பிரியுங்கள்.

தூசி வறுபடும் வாடை, நீண்ட விடுமுறைக்குப் பிறகு முதல் நாள்: ஃபேனிலும் ஹீட் சிங்கிலும் அடை அடையாகத் தூசி. அணைத்து, வெளியே கொண்டுபோய் ஊதுங்கள்.

பிளாஸ்டிக் கருகும் வாடை: புறங்கையை ஒவ்வொரு ப்ளக்குக்கும் அருகில் கொண்டுபோங்கள், தொடாமல். சூடாக இருக்கும் சாக்கெட் தளர்ந்திருக்கிறது; பழுப்பு நிறம் ஏறியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். எக்ஸ்டென்ஷனில் எக்ஸ்டென்ஷன் மாட்டிச் சங்கிலியாக ஓட்டியிருந்தால் முதல் பாக்ஸ்தான் வேகும், ஏனென்றால் எல்லாச் சுமையும் அதன் வழியாகப் போகிறது.

மீன் நாற்றம் போல, கூடவே ‘பட்’ சத்தம்: பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். கெப்பாசிட்டரோ சாக்கெட்டின் பிளாஸ்டிக்கோ வெந்திருக்கும். அந்த லைனையே அணைத்துவிட்டு எது என்று தேடுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம்: இதற்குத்தான் நான் பயப்படுவேன். யு.பி.எஸ். பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிக் கொதிக்கிறது. கூடவே ஹைட்ரஜனும் வரும். அது காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு சுவிட்ச் பொறி போதும். அந்த அறையில் லைட், ஃபேன் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வெளியில் உள்ள மெயினை அணையுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். நாற்றம் குறைவதுபோல் தெரிந்தால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், அழுகிய முட்டை நாற்றம் தரும் வாயு மூக்கை மரத்துப்போகச் செய்யும். இங்கே நிறுத்துங்கள், யு.பி.எஸ். ஆளைக் கூப்பிடுங்கள். பெரிய யு.பி.எஸ்.ஸில் 12 வோல்ட் பேட்டரிகள் எட்டும் பதினாறும் தொடராக இருக்கும். மெயினை அணைத்தாலும் 96, 192 வோல்ட் அங்கேயே இருக்கிறது. உள்ளூர் ஆட்டோ பேட்டரிக் கடைப் பையனை விட்டு ஸ்பேனரால் கழற்றச் சொல்லாதீர்கள். ஆசிட் கண்ணில் பட்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள், பிறகுதான் வண்டி.

லேப்டாப்பின் அடிப்பக்கம் உப்பி மேசையில் ஆடினால் பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடாமல், குத்தாமல், வெளியே மணல் சட்டியில் வையுங்கள்.

அறிகுறி 4: இடி இடிக்கிறது

சித்திரை, வைகாசி மாலைகளிலும், கேரளக்காரர்கள் துலாவர்ஷம் என்று சொல்லும் ஐப்பசி மழையிலும் மலையை ஒட்டி இடி பொல்லாதது. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் எண்ணுங்கள். 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30-க்குள் வந்தால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, வகுப்பை நிறுத்திவிடுங்கள். ஆனால் இடி தலைக்குமேல் வந்தபிறகு ப்ளக்கைப் பிடுங்கக் கை நீட்டாதீர்கள். வானம் இருட்டும்போதே பிடுங்க வேண்டும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி போனில் இருந்தால் முன்கூட்டியே தெரியும்.

சுவிட்சை அணைத்தால் போதாது, ப்ளக் வெளியே வரவேண்டும். அப்புறம் எல்லோரும் மறப்பது நெட்வொர்க் கேபிள். அலுவலகக் கட்டடத்திலிருந்து முற்றத்தைக் கடந்து வரும் ஒரு கேபிள் வழியாகத்தான் நான் பார்த்த லேப்களில் போர்டுகள் கூட்டாகச் செத்திருக்கின்றன. அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டிருந்த கையும் தப்பாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் பொறுங்கள்.

அறிகுறி 5: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி

ஒரு பிள்ளைக்கு என்றால் கண்ணோ பசியோ. வகுப்பே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் காற்றைப் பாருங்கள்.

கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடுகிறது என்றால் கேள்வியே வேண்டாம், எல்லோரும் வெளியே. ஜெனரேட்டரை ஜன்னலுக்குக் கீழே வைத்திருப்பார்கள், ஆடி மாதக் கணவாய்க் காற்று புகையை நேராக உள்ளே தள்ளும். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வரிசையாக வரும். ‘புகை வாடை இல்லையே’ என்று இருந்துவிடக் கூடாது. யாராவது மயங்கினாலோ உளறினாலோ 108. வெளிக்காற்றுக்கு வந்தும் அரை மணியில் தெளியவில்லையென்றால் டாக்டர். ஜெனரேட்டரை ஜன்னலிலிருந்து தூரமாக, காற்று கட்டடத்திலிருந்து வெளியே போகும் பக்கத்துக்கு நகர்த்தும்வரை அதை ஓட்டக் கூடாது.

ஜெனரேட்டர் ஓடவில்லையென்றால் பெரும்பாலும் மூடிய ஏ.சி. அறை. ஸ்பிலிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கும் காற்றையே குளிர்விக்கும். 40 பிள்ளைகள் விட்ட மூச்சை அதே 40 பேரும் இழுத்துக்கொண்டிருப்பார்கள். பீரியடுக்கு நடுவில் பத்து நிமிடம் கதவைத் திறந்து வையுங்கள். ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் நிரந்தரத் தீர்வு.

அறிகுறி 6: கண் எரிச்சல், மங்கல்

ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்கிறதா? முதலில் அதைத் திருப்புங்கள். திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். அதோடு ஃபேன் காற்றும் சேர்ந்தால் கண் காய்ந்துவிடும்.

அடுத்து திரையை அணைத்துப் பாருங்கள். கறுப்புத் திரையில் ஜன்னலோ டியூப் லைட்டோ தெரிந்தால் பிள்ளை நாள் முழுக்க அந்த வெளிச்சத்தோடு மல்லுக்கட்டுகிறது. மேசையைத் திருப்பி, ஜன்னல் பக்கவாட்டில் வருமாறு போடுங்கள். காசே இல்லாத வேலை. ஆனால் கேபிள் நீளம் போதவில்லை என்று யாரும் செய்வதில்லை.

திரை ஒரு கை நீளத்தில், 50 முதல் 70 செ.மீ.க்குள் இருக்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் இருப்பதை 20 நொடி பார்க்கச் சொல்வார்கள். எங்கள் பக்கத்து லேப்களில் ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. ‘ப்ளூ கட்’ கண்ணாடிக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். கண் களைப்புக்கு அதனால் பெரிய பலன் இல்லை.

இதெல்லாம் செய்தும் ஒரு பிள்ளை திரைக்கு மூக்கை ஒட்டிக்கொண்டு போனாலோ, கரும்பலகையையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ லேப் காரணம் இல்லை. கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். தென்காசி அரசு மருத்துவமனை, அல்லது திருநெல்வேலியில் அரவிந்த். திடீரென்று ஒளி மின்னுவது, திரை போட்டதுபோல் மறைவது, ஒரு கண்ணில் மட்டும் வலி என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

அறிகுறி 7: கழுத்து வலி, கை மரப்பு

பிள்ளைகளுக்குக் கழுத்து வலித்தால் நாற்காலி தாழ்வு, மேசை உயரம். கால் தரையில் படாமல் தொங்கினால் காலுக்கடியில் ஒரு பலகை போடுங்கள், முழங்கை மேசை மட்டத்துக்கு வருமாறு நாற்காலியை உயர்த்துங்கள். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே.

நாற்பது தாண்டிய ஆசிரியருக்கு வலித்தால் கண்ணாடியைக் கேளுங்கள். பைஃபோகல் போட்டவர்கள் கீழ்ப்பாகத்தின் வழியாகத் திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குத் திரையை இறக்க வேண்டும். எல்லோரும் உயர்த்துவார்கள்.

கை மரத்தால் எந்த விரல் என்று கேளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டில் நரம்பு நெருக்குகிறது. மேசை விளிம்பில் மணிக்கட்டை ஊன்றித் தட்டுகிறார்களா என்று பாருங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் என்றால் முழங்கையை ஊன்றிக்கொண்டு உட்காருகிறார்கள். பழக்கத்தை மாற்றி இரண்டு வாரம் பாருங்கள். இரவில் மரப்பால் தூக்கம் கலைந்தாலோ, டம்ளர் கையிலிருந்து நழுவத் தொடங்கினாலோ காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

அறிகுறி 8: உள்ளே வந்தாலே தும்மல்

சாரல் காலத்தில் மட்டும் என்றால் பூஞ்சை. மர அலமாரியின் பின்பக்கத்தையும், ஏ.சி.யின் வடிகட்டியையும் பாருங்கள். வருடம் முழுவதும் என்றால் தூசி. புளோயரை லேப்புக்குள் ஓட்டினால் தூசி ஒரு மெஷினிலிருந்து இன்னொரு மெஷினுக்கும் நடுவில் உங்கள் நெஞ்சுக்கும் போகும். மெஷினை வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போய், மூக்கை மூடிக்கொண்டு ஊதுங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சு இரைத்தால் உடனே வெளியே, இன்ஹேலர். அதற்கும் அடங்கவில்லையென்றால் ஆஸ்பத்திரி.

பிரிண்டருக்குப் பக்கத்தில் மட்டும் என்றால் கார்ட்ரிட்ஜ் கசிகிறது. கறுப்புத் தூளை வீட்டு வேக்குவம் கிளீனரால் இழுக்காதீர்கள், அதன் வடிகட்டியில் நிற்காமல் அறை முழுக்கத் தூவிவிடும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். சட்டையில் கொட்டிவிட்டால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீரில் போட்டால் தூள் உருகி நூலோடு ஒட்டிக்கொள்ளும். என்னிடம் அப்படி இரண்டு சட்டை இருக்கிறது.